கண்ணாடி முன் பதினைந்து நிமிடம்

கையில்லாத பனியனுக்கு நம் ஊர்க் கடைகளில் ‘சாண்டோ’ என்று பெயர். கேட்கிறவருக்கும் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் அது ஓர் ஆளின் பெயர் என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வங்காளத்தில் அது ‘சாண்டோ கெஞ்சி’. பிலிப்பைன்ஸில் வெறும் ‘சாண்டோ’. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (கான்ட்டின் ஊர்தான்) ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் முல்லராகப் பிறந்து, யூஜின் சாண்டோ என்ற பெயரில் லண்டன் மேடைகளில் தன் தசைகளைக் காட்டிப் பேரும் பணமும் சேர்த்து, 1925இல் செத்துப்போனவர் அவர். வீட்டுக்குள்ளேயே செய்துகொள்கிற உடற்பயிற்சி என்ற ஒன்றை உலகச் சந்தைக்கான சரக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர். பெயர் நம் முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சரக்கும் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2020 ஊரடங்கில் மொட்டைமாடியிலும் ஹாலிலும் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் யாரும் இதற்கு ஒரு வரலாறு உண்டு என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் அந்த யோசனை புத்தகத்திலிருந்து வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அதோடு இடது தோள் இறுகிப்போய் கை மேலே எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். சின்ன வயசு டாக்டர். “எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களாம்மா?” என்று கேட்டார். அம்மா, “வேலை செய்யிறேங்க சார்” என்றாள். “வேலை வேறம்மா, எக்சர்சைஸ் வேற” என்றார் அவர். நல்ல மனிதர்தான், பொறுமையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்: “வேலை வேறயாம், எக்சர்சைஸ் வேறயாம்.” முப்பது வருஷத்துக்கு மேல் நடவும் களையும் அறுப்பும். வீட்டுக்கு வந்தால் உரலும் குடமும். அவளைப் பார்த்து, உடம்பை அசைக்கச் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குத் தோதான கோட்பாடும் கைவசம் இருந்தது. 1975இல் வெளிவந்த ஃபூக்கோவின் சிறை பற்றிய நூலைப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை: படைவீரன், மாணவன், நோயாளி என்று உடல்களை அங்கம் அங்கமாகப் பிரித்து, நேரக்கணக்குக்குள் அடைத்து, பணியவைக்கும் நுண்ணதிகாரம். உடற்பயிற்சி என்பது அந்த அதிகாரத்தின் வீட்டுப் பதிப்பு. மருத்துவச் சொல்லாடல் உழைக்கும் பெண்ணின் உடலை ‘அசையாத உடல்’ என்று பெயரிட்டுத் தன் வசமாக்குகிறது. இப்படி நாலு பக்கம் எழுதியும் விட்டேன். எழுதியது ஒன்றும் தப்பில்லை, ஆனா அது போதவில்லை. டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், வேலை வேறு உடற்பயிற்சி வேறு என்பது, எப்போது உண்மையாயிற்று, யாருக்கு உண்மையாயிற்று என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை.

*

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 941 முதல் 950 வரை. செரித்ததறிந்து உண்பது, அளவறிந்து உண்பது, நோயின் காரணம் தேடுவது, மருத்துவன், நோயாளி எல்லாம் வருகிறது. உடம்பை அசைத்துப் பழக்கு என்று ஒரு குறள்கூடக் கிடையாது. இதைக் குறை என்று யாரும் வாசித்ததில்லை. அன்றாட வாழ்க்கையே உடம்பை அசைத்துக்கொண்டிருந்த சமூகத்தில் அசைவை மருந்தென்று சொல்ல என்ன தேவை?

அதற்காக, உடலைத் தனியாகப் பழக்குவது இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைப் பாடுகிறார். அந்த வலிமைக்கு எதிரே ஓர் எதிராளி இருக்கிறான். சுற்றிலும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பகைகொண்ட தகப்பன் தித்தன் இதைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கமும் பாட்டில் இருக்கிறது. பிற்காலத்துத் தாலிம்கானாக்களிலும் சிலம்பக் கூடங்களிலும் கோதாவிலும் இதே அமைப்புதான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் வாத்தியார் முன்னால், சக ஆட்கள் நடுவே, மண்ணில் நடந்தவை. யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்ற சாதிக்கணக்கும் அங்கே இருந்திருக்கும்; அதை மறந்துவிட்டுக் கூட்டு வாழ்வின் பொற்காலம் என்று பாடத் தொடங்கிவிடக் கூடாது. நான் சொல்ல வருவது ஒன்றைத்தான்: உடற்பயிற்சிக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

ஊரை விட்டு அது அறைக்குள் போன கதை ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், துலக்கமாகத் தெரிகிறது. 1811இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விஷ் யான் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற வெட்டவெளியில் திறந்த உடற்பயிற்சிக் களம், நெப்போலியனுக்கு எதிரான தேசியத்தின் களமாகவும் இருந்தது. இளைஞர்கள் கூட்டமாகக் கூடி உடம்பை முறுக்கேற்றிக்கொள்வதைப் பார்த்துப் பிரஷ்ய அரசு பயந்தது. 1820இல் போட்ட தடை 1842 வரை நீடித்தது. நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 1902இல் கல்கத்தாவில் தேகப்பயிற்சிக் கூடமாகத் தொடங்கிய அனுசீலன் சமிதி சில வருஷத்திலேயே வெடிகுண்டு வரைக்கும் போனது. 1909இல் தடை வந்தது. அரசுகளுக்குத் தண்டால் மேல் பகையில்லை. நாற்பது பேர் சேர்ந்து எடுக்கிற தண்டால்தான் அவர்களைத் தொந்தரவு செய்தது.

1855இல் லைப்சிக் நகரத்து எலும்பு மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபர், அறைக்குள் செய்யும் மருத்துவ உடற்பயிற்சி பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் நீண்ட தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது: கருவி வேண்டாம், துணையாள் வேண்டாம், எப்போதும் எங்கேயும் செய்யலாம். பல பதிப்புகள் ஓடிய நூல். ஷ்ரேபர் கூட்டுப் பயிற்சிக்கு எதிரி அல்ல. லைப்சிக்கின் உடற்பயிற்சிச் சங்கத்தை 1845இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் நூலில் வரும் ஆள் தனியாக நிற்கிறான். எதிராளி இல்லை. வாத்தியார் புத்தகத்துக்குள் போய்விட்டார்.

ஷ்ரேபர் என்ற பெயர் நம் வாசகர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். இவர் மகன்தான் நீதிபதி டானியல் பால் ஷ்ரேபர். மனநோய் விடுதியிலிருந்து தன் நினைவுக் குறிப்புகளை எழுதி 1903இல் வெளியிட்டவர். அதை வைத்து 1911இல் ஃப்ராய்ட் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பிறகு கானெட்டி, தெல்யூஸ், கத்தாரி என்று அந்தக் குறிப்புகளைத் தொடாதவர் குறைவு. பிள்ளைகள் குனிந்து உட்காராமலிருக்க மேசையில் பொருத்தும் நிமிர்த்துக் கருவியைச் செய்த தகப்பன், தன் உடலைக் கடவுளின் கதிர்கள் இழுத்து வதைக்கின்றன என்று எழுதிய மகன். இதைக் காரணகாரியமாக முடிச்சுப் போடுவது சுலபம், போட்டவர்களும் உண்டு. நான் போடவில்லை. ஒரு தகப்பனின் கருவியால் மட்டும் ஒருவருக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வீட்டுக்குள் வந்த உடற்பயிற்சி கூடவே ஒரு கண்காணிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது என்பதற்கு மட்டும் இந்தக் குடும்பத்தைச் சாட்சி சொல்ல அழைக்கலாம்.

*

1904இல் டென்மார்க்கின் ஜே. பி. முல்லர் (சாண்டோவின் இயற்பெயரும் முல்லர்தான், இருவருக்கும் உறவில்லை) ‘என் முறை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். காசநோய் விடுதியொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு நாளைக்குப் பதினைந்தே நிமிடம். குளியலும் அதற்குள் அடக்கம். சன்னல் திறந்திருக்க வேண்டும். டம்பெல் கிடம்பெல் எதுவும் வேண்டாம். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன நூல். யாருக்கு எழுதினார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை: நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே வெளிறிக் கூனிப்போன ஆபீஸ் ஆள். ‘பதினைந்து நிமிடம்’ என்ற அளவே ஆபீஸ் கடிகாரத்திலிருந்து வந்ததுதான். வயலில் வேலை செய்கிறவருக்கு அப்படியொரு அளவு அர்த்தப்படாது.

முல்லரின் சீடர்களில் ஒருவர் பிராகா நகரத்தில் இருந்தார். இரவில் சன்னலைத் திறந்துவைத்து உடையில்லாமல் நின்று இந்தப் பயிற்சிகளைத் தவறாமல் செய்தவர், காதலி ஃபெலிஸையும் செய்யச் சொல்லிக் கடிதத்தில் வற்புறுத்தியவர். ஃப்ரான்ஸ் காஃப்காவைத்தான் சொல்கிறேன். தன் மெலிந்த உடம்பின் மேல் அவருக்கிருந்த வெறுப்பு பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவருடைய பகல் வேலையை இதோடு சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. 1908 முதல் அவர் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. மர இழைப்பு இயந்திரங்களில் விரல்களை இழந்த தொழிலாளர்கள் பற்றிய கோப்புகள் அவர் மேசைக்கு வந்தன. சதுரத் தண்டு வைத்த இயந்திரம் கையை எப்படித் துண்டிக்கிறது, உருளைத் தண்டு வைத்தால் எப்படித் தப்பலாம் என்று படங்களோடு அறிக்கை எழுதினார். பகலில் வேலை தின்ற விரல்களின் கணக்கு, இரவில் தன் விரல்களை நீட்டி மடக்கும் பயிற்சி. வேலை வேறு, உடற்பயிற்சி வேறு என்பதை ஒரே உடம்பில் இவ்வளவு துல்லியமாக வாழ்ந்தவர் இன்னொருவர் இருப்பாரா தெரியவில்லை.

இன்னொரு சீடர் கற்பனை ஆள். 1922இல் வெளிவந்த ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலில், 1904 ஜூன் 16ஆம் தேதி டப்ளினில் சுற்றித் திரியும் விளம்பர ஏஜெண்ட் லியோபோல்ட் புளூம். விட்டுப்போன சாண்டோ பயிற்சியைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார். அவர் மேசை இழுப்பறையில், கருவியை உபயோகிப்பதற்கு முன்னும் பின்னும் மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று எடுத்த அளவுப் பட்டியல் கிடக்கிறது. தொடங்குவது, அளப்பது, விட்டுவிடுவது, குற்றவுணர்ச்சிகொள்வது: வீட்டு உடற்பயிற்சியின் முழு உளவியலையும் ஜாய்ஸ் ஒரு இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். இன்று அந்த இழுப்பறை கைப்பேசிக்குள் இருக்கிறது.

சாண்டோவின் சாமர்த்தியமே தபாலில்தான் இருந்தது. அளவுகளை எழுதி அனுப்பு, பயிற்சிப் பட்டியல் வீட்டுக்கு வரும். கண்ணாடி முன் நின்று செய். 1897இல் வெளிவந்த அவர் நூல் பெரிய விற்பனை. 1901இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியில் கானன் டாயில் நடுவராக உட்கார்ந்தார். அதே வருஷம் பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெள்ளை இனத்தின் உன்னத மாதிரி என்று அவர் உடலை வார்ப்பெடுத்தது. அந்த வார்ப்பு 1904–05இல் உயிரோடு இந்தியாவுக்கு வந்து மேடையேறியது. வங்காளிகளைப் பெண்மை படிந்தவர்கள் என்று மெக்காலே காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் கூசிப்போயிருந்த படித்த இந்தியருக்கு அது அவமானமாகவும் வாய்ப்பாகவும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரனே சொல்கிறான், உடம்பு என்பது பிறவி அல்ல, பயிற்சிதான் என்று. இனக் கொள்கைக்காக வார்த்த சிலை, அந்தக் கொள்கையையே கொஞ்சம் ஆட்டவும் செய்தது.

*

அவர்களில் ஒருவர் ராஜா. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் என்ற சின்ன சமஸ்தானத்தின் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, 1868இல் பிறந்து 1951இல் இறந்தவர். பல வருஷம் சாண்டோ கருவிகளோடு பழகிவிட்டு, பிறகு சூரிய நமஸ்காரத்துக்கு வந்தவர். அதைப் பற்றி 1928இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தன் சமஸ்தானத்துப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார். 1938இல் ஒரு பத்திரிகையாளர் பெண்மணி அதைத் தொகுத்து லண்டனில் வெளியிட்டார். அந்த நூல் குடும்பப் பெண்களையும் வாசகர்களாகக் கருதியது. இன்று யுகயுகமாக வருவது என்று நம்பிச் செய்யப்படும் இந்தப் பயிற்சித் தொடரின் நவீன வடிவத்துக்குள் சாண்டோவும் இருக்கிறார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். சூரியனை வணங்குவது பழையதுதான். காசு செலவில்லாமல், கருவியில்லாமல், இத்தனை எண்ணிக்கை, இத்தனை நிமிடம், ஆரோக்கியத்துக்காக என்கிற பேச்சுதான் புதியது.

பெங்களூரில் கே. வி. ஐயர் (1897–1980) இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார். தன் ஹெர்குலிஸ் ஜிம்னாசியத்தில் பளுவும் சூரிய நமஸ்காரமும் ஆசனமும் கலந்து சொல்லிக்கொடுத்தார். தபாலிலும் பாடம் நடத்தினார். கிரேக்கச் சிலைகளின் தோரணையில் தன்னைப் படமெடுத்துப் புத்தகம் போட்டார். பின்னால் கன்னடத்தில் ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ என்று பேர்பெற்ற நாவல்களும் எழுதினார். உடலைச் செதுக்கியவர் ஹொய்சள ராணியைப் பற்றியும், சிலையும் ஓவியமும் செய்கிறவர்களைப் பற்றியும் எழுதப் போனதில் ஆச்சரியமில்லை. அவரோடு சேர்ந்து இயங்கிய யோகாச்சாரியார் சுந்தரம் தமிழர்; இவருடைய ‘சுந்தர யோக சிகிச்சை’யைப் பழைய வீட்டு அலமாரிகளில் இன்றும் பார்க்கலாம். மைசூர் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியாரின் ‘யோக மகரந்தம்’ கன்னடத்தில் 1934இலும் தமிழில் 1938இலும் வந்தது. ஆக, 1940க்குள் தமிழ் வாசகன் ஒருவன் வீட்டிலிருந்தபடியே தன் உடலைத் திருத்திக்கொள்ளத் தேவையான புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

வாசகன் என்றேன். அந்த வாசகனுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும், தபால் செலவுக்குக் காசு வேண்டும், ஓர் அறை வேண்டும், அந்த அறையில் முழு உடம்பும் தெரிகிற கண்ணாடி வேண்டும், அதிகாலையில் வேறு வேலைக்குப் போகாமலிருக்க வேண்டும். 1930களின் தஞ்சை ஜில்லாவில் இந்த ஐந்தும் சேர்ந்து யாருக்கு வாய்த்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டுமா? மற்றவர்களுக்குக் கோதா இருந்தது. கோவையில் தேகப்பயிற்சிக் கூடத்திலிருந்து சினிமாவுக்கு வந்த சின்னப்பா தேவர் தன் பெயருக்கு முன்னால் சாண்டோவை ஒட்டிக்கொண்டார். அதே சாண்டோதான், ஆனால் இங்கே அது தெருவில் சம்பாதித்த பட்டம்.

*

பெண்களின் கதைக்கு வருகிறேன். ‘அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், கிணற்றில் இறைத்தார்கள், அதனால் ஆரோக்கியமாக இருந்தார்கள், ஜிம் எதற்கு?’ என்கிற வகைச் செய்தி வாரம் ஒன்றாவது என் கைப்பேசிக்கு வருகிறது. அனுப்புகிறவர்களில் ஒருத்தர்கூட அம்மியைத் தொட்டவர் இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நம் இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் வரும் வள்ளைப்பாட்டில் பெண்கள் குற்றுவது நெல்லை அல்ல, முத்தை; உலக்கை மரத்தாலானது அல்ல, கரும்பு. எம்.ஏ. வகுப்பில் இதை அணிநயம் என்று பாடம் கேட்டேன். கரும்பால் முத்தைக் குற்றினால் யாருக்கும் தோள் இறுகாது.

உரல் வேலை உடற்பயிற்சியாக இருந்ததா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் நாயகர்கள் பஸ் கண்டக்டர்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் சுமார் 31,000 ஆண் போக்குவரத்துத் தொழிலாளர்களின் இதயநோய்க் கணக்கை எடுத்தார்கள். 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. இரட்டை மாடி பஸ்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் டிரைவரைவிட, படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. தபால்காரரையும் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாவையும் ஒப்பிட்டபோதும் அப்படித்தான். (நம் டவுன் பஸ் கண்டக்டருக்கு மாடி கிடையாது, கூட்டம் உண்டு. அது என்ன பயிற்சி என்று யாராவது ஆராயலாம்.) மாரிஸ் நேர்மையான ஆள். 1956இல் சீருடை அளவுகளைப் பார்த்து, டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலேயே பெருத்துத்தான் இருந்தது என்பதையும் வெளியிட்டார். அதாவது, வேலை ஆளை மாற்றியதா, ஆள் வேலையைத் தேர்ந்தெடுத்தானா என்று தன் முடிவையே தான் சந்தேகித்தார். பிறகு 1970களில் அரசு ஊழியர்களின் ஓய்வுநேரப் பயிற்சிக்கு நகர்ந்தார். 2009இல் தன் 99ஆம் வயதில் இறந்தார்.

கண்டக்டரின் காலிலிருந்து கிடைத்த அறிவுதான் பிற்பாடு குமாஸ்தாவின் காலை நடையாகவும், வீட்டுக்குள் வாங்கிப் போட்ட சைக்கிளாகவும் ஆனது. உழைப்பிலிருந்து அசைவை மட்டும் பிரித்தெடுத்து, உழைக்காதவருக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். இதை எழுதியபோது என் பழைய கோபத்துக்குக் கடைசி ஆதாரம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

கதை அங்கே நிற்கவில்லை. 2018இல் பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து, 1,93,696 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். உடலுழைப்பு மிகுந்த தொழில் செய்யும் ஆண்கள், உடலுழைப்புக் குறைந்த தொழில் செய்யும் ஆண்களைவிடச் சீக்கிரம் சாகும் வாய்ப்பு 18 சதவிகிதம் கூடுதல். ஓய்வு நேரத்து அசைவு ஆயுளைக் கூட்டுகிறது, கூலிக்குச் செய்யும் அசைவு கூட்டுவதில்லை. வறுமையையும் புகையையும் சரியாகக் கழித்தால் இந்தத் தொடர்பு நிற்குமா என்ற விவாதம் ஓயவில்லை. பெண்களிடம் இந்த உறவு தென்படவும் இல்லை. ஆனால் ‘தொழில்’ என்ற தலைப்பின் கீழ் உரலும் குடமும் வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள்தான் என்னை உட்காரவைத்தன. கூலி உழைப்பு மணிக்கணக்கில் நீளுகிறது, ஆனால் இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு வேகம் கூடுவதில்லை. தூக்கிப் பிடித்தபடி, குனிந்தபடி நிற்பது நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. தேறிக்கொள்ள இடைவெளி இல்லை. எப்போது நிறுத்துவது என்பது செய்கிறவரின் கையில் இல்லை.

நாற்று நடுகிறவள் குனிவதும், யோகப் பாயில் ஒருவர் குனிவதும் படமெடுத்துப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஒருத்திக்குக் கங்காணி ‘போதும்’ சொல்ல வேண்டும். மற்றவர் தானே சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் சொன்னது சரிதான், வேலை வேறு உடற்பயிற்சி வேறு. அவருக்கே தெரியாத அளவுக்குச் சரி.

அப்படியானால் முல்லரின் பதினைந்து நிமிடம் என்பது என்ன? 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற இந்தியப் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். இந்த 299இல் எந்தப் பதினைந்தை எடுப்பது? தமிழ்நாடும் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் எடுத்து 2014இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் 54.4 சதவிகிதம் பேர் போதிய அசைவில்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவிகிதத்துக்கும் குறைவு. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்றது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும். நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கிறவர்களை விதி கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அதிகாரம் என்று நான் எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஷ்ரேபரின் கருவியும் புளூமின் அளவுப் பட்டியலும் பொய்யில்லை. ஆனால் தன் உடம்பை, யாருக்காகவும் அல்லாமல், கொஞ்ச நேரம் தானே வைத்துக்கொள்வது என்பதை அனுபவித்தே அறியாத ஒருத்தியிடம் போய் அது நுண்ணதிகாரம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்யதை? நான் தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறேன். அந்த நேரத்தில் அம்மா எனக்கு இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர்தான், ஆனாலும் கழுவித் தூக்கிவைப்பது அவள்.

அவளுக்கு இப்போது மூன்று பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து மற்றக் கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது. சுவரில் விரல்களை நண்டு மாதிரி நகர்த்தி மேலே ஏற்றுவது. கருவி வேண்டாம், துணையாள் வேண்டாம். ஷ்ரேபரின் 1855 எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. முதல் வாரம் அவள் செய்யவில்லை. செய்யத் தொடங்கியபோது வாசல் கதவைச் சாத்திவிட்டுச் செய்தாள். பக்கத்து வீட்டில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். “வயசான காலத்துல செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, வேலை வெட்டி இல்லன்னு சொல்லுவாங்கடா.”

விரல் எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். போன வாரத்துக் கோட்டுக்கு மேலே இந்த வாரக் கோடு இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருக்கிறது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், “இதுல ஒரு வேலையும் ஆகலையேடா” என்றாள். கதவைத் திறக்கப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தாள்.